வரைபடம் திறந்ததும் எது தெரிய வேண்டும்? கியூஜிஐஎஸ் காட்சி அமைப்புகள் பற்றி ஓர் இழை

பிப்ரவரி 3: வாசகர் ஒருவரின் கேள்வி

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரே ப்ராஜெக்டாகச் சேர்த்துவருகிறோம். ஏரி, மதகு, கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்), வரத்துக் கால்வாய், ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலப்பரப்பு), சர்வே எண் எல்லை என்று லேயர்கள், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் தரவு அடுக்குகள், குவிந்துவிட்டன. என் கட்சி இது: எல்லாவற்றையும் ஆன் செய்து கொடுத்துவிடுவோம், வேண்டாததைப் பார்ப்பவரே அணைத்துக்கொள்ளட்டும். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவெடுக்க நாம் யார்? நிறமும் லேபிளும் பயனர் விருப்பம்தானே?

பிப்ரவரி 3, இரவு

நாம் முடிவெடுக்காவிட்டால் மென்பொருள் எடுத்துவிடும். கியூஜிஐஎஸ்ஸில் புது லேயர் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள், கைக்கு வந்த ஏதோ ஒரு நிறத்தைப் பூசிக் காட்டும். ஏரி இளஞ்சிவப்பாக வரும், சாலை நீலமாக வரும். அந்த நிறத்துக்கு எந்தப் பொருளும் இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது. நீலக்கோடு என்றால் அவர் கால்வாய் என்றுதான் படிப்பார்.

பார்ப்பவரே அணைத்துக்கொள்வார் என்பதும் நடப்பதில்லை. நான் பார்த்தவரை, ஊராட்சி அலுவலகத்திலோ பாசனச் சங்கத்திலோ வரைபடம் பார்க்கும் யாரும் லேயர் மேல் இரண்டு முறை கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் ஜன்னலுக்குள் போவதில்லை. போனாலும் சிம்பாலஜி, லேபிள், ரெண்டரிங் என்று இடப்பக்கம் நிற்கும் நீண்ட வரிசையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். திறந்ததும் கண்ணில் படுவதுதான் அவர்களுக்கு வரைபடம்.

விருப்பங்களைப் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. முதல் காட்சியை நாம் பொறுப்போடு அமைப்போம், அதை மாற்றும் வழியைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்போம். இந்த வரிசை தலைகீழானால் பாதிக்கப்படுபவர் மென்பொருள் தெரியாத ஆள். இந்த வரைபடமே அவருக்காகத்தான்.

பிப்ரவரி 4

"நான் நிறம் வைத்துக் கொடுத்தேன், அவருடைய கணினியில் வேறு நிறம் வருகிறதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்டைலை, அதாவது நிறம், கோடு, லேபிள் அமைப்புகளை, அனுப்பாமல் தரவை மட்டும் அனுப்பியிருப்பீர்கள். தரவு ஷேப் கோப்பு வடிவில் இருந்தால், ஸ்டைலைத் தாங்கும் க்யூஎம்எல் கோப்பு ஒன்றை அதே பெயரில் அதே ஃபோல்டரில் சேமித்துவையுங்கள், திறக்கும்போது கியூஜிஐஎஸ் தானாக எடுத்துக்கொள்ளும். ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகை இன்னும் நல்லது. ஸ்டைலைத் தரவுக்குள்ளேயே இயல்புநிலையாகச் சேமித்துவிடலாம், பென்டிரைவில் போகும்போது கூடவே போகும்.

பிப்ரவரி 5

அளவுகோலுக்கு வருகிறேன்.

மாவட்டம் முழுவதும் திரையில் தெரியும்போது, அதாவது 1:2,50,000 வாக்கில், மதகுப் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி ஏரியையே மூடிவிடும். அந்தத் தொலைவில் மதகைத் தேடி யாரும் வருவதில்லை. ஒரு ஏரியை நெருங்கி 1:10,000க்கு வந்தபின்தான் எந்த மதகு, எந்தப் பக்கம் கலங்கல் என்ற கேள்வியே பிறக்கிறது. ரெண்டரிங் பகுதியில் லேயர் எந்த அளவுகோலிலிருந்து எந்த அளவுகோல் வரை தெரியலாம் என்று எல்லை கொடுக்க இடம் இருக்கிறது. மதகு, கலங்கல், சர்வே எண் மூன்றுக்கும் அதைக் கட்டாயம் கொடுங்கள்.

"மறைத்தால் தரவே இல்லை என்று நினைத்துவிடுவார்களே" என்பது நியாயமான பயம். எல்லைக்கு வெளியே இருக்கும் லேயரின் பெயரை கியூஜிஐஎஸ் லேயர் பட்டியலில் மங்கலாக்கிக் காட்டுகிறது. வலது கிளிக் செய்தால், அது தெரியும் அளவுகோலுக்கு நேரே கொண்டுபோகும் கட்டளையும் இருக்கிறது. இருப்பதைச் சொல்லி, போகும் வழியையும் காட்டிவிட்டுத்தான் மறைக்கிறது. நல்ல வடிவமைப்பு என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

ஏரிகளுக்கும் இதே போல விதி வைக்கலாம். ஆயக்கட்டு 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பு, அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நிர்வாகமே போட்டுவைத்த கோடு இது. நிபந்தனைக்கேற்பக் குறியீட்டை மாற்றும் ரூல் பேஸ்டு சிம்பாலஜியில் இதை ஒரு விதியாக எழுதி, தொலைவுக் காட்சியில் பெரியவற்றை மட்டும் காட்டலாம்.

பிப்ரவரி 6

நேற்றைய கடைசிப் பத்தியை மட்டும் மறுபடி எடுக்கிறேன். மதகை மறைப்பதும் சிறிய ஏரியை மறைப்பதும் ஒன்றல்ல. மதகு ஏரியின் ஓர் உறுப்பு, தொலைவில் மறைந்தாலும் அதன் ஏரி தெரிகிறது. சின்ன ஏரி மறைந்தால் முழுதாகவே போய்விடுகிறது. தூர்ந்துபோவதும், வீட்டுமனையாக மாறுவதும், வரத்துக் கால்வாய் அடைபட்டு நிற்பதும் பெரும்பாலும் இந்தச் சின்ன ஏரிகளும் குட்டைகளும் தாங்கல்களும்தான். மாவட்ட வரைபடத்தை மேசை மேல் விரித்து நிதி ஒதுக்கும் இடத்தில் அவை கண்ணிலேயே படாது. அளவை வைத்து மறைத்தால் எதற்காக வரைபடம் போட்டோமோ அதையே மறைத்தவர்களாவோம்.

ஆகவே விதி இருக்கட்டும், ஆனால் மறைக்கும் விதியாக வேண்டாம், உருமாற்றும் விதியாக இருக்கட்டும். தொலைவில் பெரிய ஏரி தன் வடிவத்தோடு தெரியட்டும், சிறியது ஒரு சின்ன நீலப் புள்ளியாக நிற்கட்டும். சென்ட்ராய்ட் ஃபில் என்ற சிம்பல் வகை ஏரியின் மூடிய வடிவத்துக்கு (பாலிகன்) நடுவில் புள்ளி வைக்கும். ஏரி பிறை வடிவில் வளைந்திருந்தால் புள்ளி வெளியே விழும். உள்ளேயே வைக்கும்படி ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது, அதை டிக் செய்துவிடுங்கள். நெருங்கியபின் எல்லா ஏரிக்கும் முழு வடிவம். இப்படிச் செய்த மாவட்டப் படத்தில் புள்ளிகள் எங்கே அடர்ந்திருக்கின்றன என்பதே ஒரு செய்தியாகிவிடும். சங்கிலித் தொடராக ஒரு ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்குப் போவதும் கண்ணுக்குத் தெரியும்.

பிப்ரவரி 8

நிறம். நீர் இருப்பு விழுக்காட்டை வைத்து ஏரிக்கு நிறம் கொடுக்க, மதிப்புகளைப் பிரிவுகளாக்கி நிறம் பூசும் கிராஜுவேட்டட் வகையைத் தேர்ந்தால், எப்படிப் பிரிக்கட்டும் என்று கியூஜிஐஎஸ் கேட்கும். சம எண்ணிக்கை, சம இடைவெளி, நேச்சுரல் பிரேக்ஸ் என்று பல வழி. கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஜென்க்ஸ் பெயரால் வழங்கும் நேச்சுரல் பிரேக்ஸ்தான் பலருக்குப் பிடித்தது. தரவு இயல்பாகக் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருந்தால் அந்தக் கொத்துகளுக்கு நடுவே பிரிக்கும், படம் பார்க்க அழகாக வரும்.

ஆனால் நம் வேலைக்கு அது ஆகாது. அக்டோபர் தரவுக்கு ஒரு பிரிவு, டிசம்பர் தரவுக்கு வேறொரு பிரிவு. அக்டோபரில் கரும்நீலம் 60க்கு மேல் என்றால் டிசம்பரில் அதே கரும்நீலம் 85க்கு மேல் என்று ஆகியிருக்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து "ஒன்றும் பெரிதாக நிறையவில்லையே" என்று ஒருவர் சொன்னால் அவர் மேல் தப்பில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாளிதழில் வருகிற பிரிவு ஊருக்கே பழக்கம்: முழுக் கொள்ளளவு, 75க்கு மேல், 50 முதல் 75, 25 முதல் 50, 25க்குக் கீழ். அதையே கையால் எழுதி நிலையாக வையுங்கள். தரவு மாறினாலும் அந்த வரம்புகளில் கை வைக்க வேண்டாம்.

சிவப்பு காய்ந்தது, பச்சை நிறைந்தது என்ற ஜோடியை விட்டுவிடுங்கள். சிவப்பு-பச்சை பிரித்தறியாத பார்வை ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இருக்கிறது. இந்தியாவில் விகிதம் குறைவு என்றாலும், ஒரு கிராமசபைக் கூட்டத்தில் அப்படி யாராவது உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வெளிர்நீலத்தில் தொடங்கிக் கரும்நீலம் வரை ஒரே நிறத்தின் ஏற்றம் போதும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிந்தியா புரூவர் உருவாக்கிய கலர்புரூவர் வரிசைகள் கியூஜிஐஎஸ்ஸில் உள்ளேயே இருக்கின்றன. நீல வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வியூ மெனுவில் ப்ரிவியூ மோட் என்று ஒன்று இருக்கிறது, பலர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். சிவப்பு தெரியாத கண்ணுக்கும் பச்சை தெரியாத கண்ணுக்கும் உங்கள் படம் எப்படி இருக்கும் என்று திரையிலேயே காட்டிவிடும்.

பிப்ரவரி 8, பிறகு

அதே மெனுவில் கறுப்பு-வெள்ளைக் காட்சியும் உண்டு. அது எனக்கு இன்னும் முக்கியம். நம் படம் கலரில் ஒருமுறை அச்சாகும், அப்புறம் எல்லாம் ஜெராக்ஸ்தான். பச்சை-சிவப்பு ஜோடி ஜெராக்ஸில் ஒரே சாம்பலாகிவிடும். நீல ஏற்றம் தப்பிப் பிழைக்கும்.

பிப்ரவரி 9

"டோபோ ஷீட் நிறங்களையே பின்பற்றினால் என்ன?" பின்பற்றலாம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களில் சம உயரக் கோடு பழுப்பு, மரஞ்செடி பச்சை, நீர் நீலம், வறண்ட ஓடை கறுப்பு. வருவாய்த் துறையிலும் பொறியாளர்களிடமும் அந்தப் பழக்கம் ஊறியிருக்கிறது. அதற்கு எதிராக, வரத்துக் கால்வாயை ஆரஞ்சில் போட்டுப் புதுமை செய்ய வேண்டாம்.

பிப்ரவரி 11

தமிழ் லேபிள் பற்றிக் கேட்டவருக்கு. இதில் கொஞ்சம் நின்றே பேச வேண்டும்.

முதலில் பெயர். நம் வட்டாரத்தில் பெரிய ஏரி, சித்தேரி என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் உண்டு. லேபிளில் வெறும் "சித்தேரி" என்று போட்டால் திரையில் வரிசையாகச் சித்தேரி நிற்கும், எது எந்த ஊருடையது என்று தெரியாது. முதல் வரியில் ஏரி பெயரும் அடுத்த வரியில் சின்ன எழுத்தில் கிராமத்தின் பெயரும் வருகிற மாதிரி எக்ஸ்பிரஷன் (சூத்திரம்) எழுதிவிடுங்கள்.

அடுத்து நீளம். வரி மடக்க இத்தனை எழுத்து என்று எண் கொடுக்கும் இடத்தில், ஆங்கிலத்துக்குச் சொல்லிவைத்த எண்ணைத் தமிழுக்குக் கொடுக்காதீர்கள். மதுராந்தகம் என்பதை நாம் எண்ணினால் 7 எழுத்து. மென்பொருள் யூனிகோடு குறிகளை எண்ணுகிறது, புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் கணக்கு, அதற்கு 11. இதைத் தெரிந்துகொண்டு எண்ணைத் தாராளமாகக் கூட்டிவையுங்கள், இல்லையென்றால் ஒரு வரியில் அடங்கக்கூடிய பெயரும் இரண்டு வரியாகும்.

பாலாற்றின் போக்கிலேயே அதன் பெயரை வளைத்து எழுத ஆசைப்படுவீர்கள். வளைவு லேபிளில் கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் மெய்யை விட்டு விலகிப்போகிற ஆபத்து உண்டு. உங்கள் பதிப்பில் எப்படி வருகிறது என்று பார்க்க, செங்கல்பட்டு கொளவாய் ஏரியின் பெயரை ஒரு வளைந்த கோட்டில் போட்டுச் சோதியுங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டும் அமைப்பை பூஜ்ஜியத்திலேயே விடுங்கள்.

லேபிள்கள் மோதினால் கியூஜிஐஎஸ் ஒன்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இடம் கிடைக்காத லேபிள்களைச் சிவப்பில் காட்டும் பொத்தான் லேபிள் கருவிப்பட்டையில் இருக்கிறது. அச்சுக்கு அனுப்பும் முன் அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பெயரில்லாத ஏரியைப் பார்ப்பவர் அந்த ஊருக்கு ஏரியே இல்லை என்று எடுத்துக்கொள்வார்.

பிப்ரவரி 13

"சாட்டிலைட் படத்தைப் போட்டுக்கொடுத்தால் போதுமே, அதில் எல்லாம் தெரிகிறதே" என்கிறார் ஒரு நண்பர்.

எல்லாம் தெரியாது. அந்தப் படம் எடுத்த மாதத்தில் இருந்தது மட்டும்தான் தெரியும். ஏப்ரல், மே மாதப் படத்தில் ஏரி மைதானமாகக் கிடக்கும், நடுவில் மாட்டு வண்டித் தடம் ஓடும், ஓரத்தில் சீமைக் கருவேலம் அடர்ந்திருக்கும். டிசம்பர் படத்தில் அதே இடம் நீர்ப்பரப்பு. ஏப்ரல் படத்தை மட்டும் பின்னணியாக வைத்தால் "இது எங்கே ஏரி?" என்று கேட்பவருக்கு நாமே சாட்சி எடுத்துக் கொடுக்கிறோம். இணையத்திலிருந்து வரும் பின்னணிப் படமோ பல நாட்களில் எடுத்த துண்டுகளை ஒட்டியது. பக்கத்துப் பக்கத்து ஏரிகளே வெவ்வேறு பருவத்தில் நிற்கும்.

பின்னணிப் படம் இயல்புநிலையில் அணைந்தே இருக்கட்டும், தேவைப்படுபவர் ஆன் செய்துகொள்ளட்டும். ஆன் செய்தால் ஏரியின் நீலப் பூச்சு படத்தை மூடாமல் வெறும் கரைக்கோடாக மாற வேண்டும். தேதி தெரிந்த படத்தை நாமே பதிவிறக்கி வைத்திருந்தால் லேயர் பெயரிலேயே மாதத்தையும் ஆண்டையும் எழுதிவிட வேண்டும்.

பிப்ரவரி 14

"படம் ஆன் ஆனால் பூச்சு கோடாக மாறுவது எப்படி? ஒவ்வொரு தடவையும் ஸ்டைலை மாற்றுவதா?" வேண்டாம், மேப் தீம் இருக்கிறது. லேயர் பட்டியலுக்கு மேலே கண் போன்ற பொத்தான். எந்த லேயர்கள் தெரிய வேண்டும், ஒவ்வொன்றும் எந்த ஸ்டைலில் என்பதை ஒரு பெயரில் சேர்த்துச் சேமித்துக்கொள்ளும். ஏரி லேயருக்கு "நீர்", "கரைக்கோடு" என்று இரண்டு ஸ்டைல் வைத்து, தீமுக்கு ஏற்றபடி ஒன்றைக் கட்டிவிட்டால் முடிந்தது.

தீமின் பெயர் லேயர் பெயராக இருக்க வேண்டாம், பார்ப்பவர் கேட்கும் கேள்வியாக இருக்கட்டும். "எவ்வளவு நீர் இருக்கிறது", "தண்ணீர் எந்த வழியில் வருகிறது", "ஏரியின் எல்லை எது", "யார் பொறுப்பு". நான்கு போதும். பயனர் விருப்பம் என்று முதலில் கேட்டவருக்கும் என் பதில் இதுதான். நான்கு கேள்வியில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நிஜமான விருப்பம். நாற்பது தேர்வுப்பெட்டியை நீட்டினால் ஒதுங்கித்தான் போவார்கள்.

வியூ மெனுவில் புது மேப் வியூ ஒன்றைத் திறந்து, அதை ஒரு தீமோடு கட்டி, நகர்த்தும்போது இரண்டும் சேர்ந்தே நகரும்படி வைக்கலாம். இடப்பக்கம் நீர், வலப்பக்கம் எல்லை. கூட்டத்தில் ப்ரொஜெக்டரில் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 17

ப்ரொஜெக்டர் என்றதும் அளவுகோலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 1:10,000 என்று நாம் வைக்கும் எல்லை, திரையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கை நம்பி நிற்கிறது. திரை மாறினால் பார்ப்பவருக்கு அனுபவம் மாறும். எல்லையை நூலிழைக் கணக்காக வைக்காமல் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். சுவரில் எழுத்து சின்னதாகத் தெரிந்தால் ஜூம் செய்யாதீர்கள், அளவுகோல் மாறி வேறு லேயர்கள் முளைக்கும். கீழே நிலைப்பட்டையில் மேக்னிஃபையர் இருக்கிறது. அளவுகோலைத் தொடாமல் கோட்டையும் எழுத்தையும் பெரிதாக்கும். கண்ணாடி போட்ட பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இதைத்தான் முதலில் கூட்டுவேன்.

கைபேசிக்கு: க்யூஃபீல்டு என்ற செயலி நம் ப்ராஜெக்டையும் தீம்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஏரிக்கரையில் நடுப்பகல் வெயிலில் மெல்லிய சாம்பல் கோடு கண்ணுக்கே தெரியாது. களத்துக்கென்று ஒரு தீம் தனியாக, தடித்த கோடுகளோடு.

பிப்ரவரி 20

லேபிளில் ஏரியின் பரப்பும் வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இணையப் பின்னணிப் படங்கள் வெப் மெர்கேட்டர் என்ற வீழலில் (உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் முறை) வருகின்றன. அந்த வீழலில் தட்டையாகப் பரப்பைக் கணக்கிட்டால் செங்கல்பட்டு அட்சரேகையில் சுமார் 5 விழுக்காடு கூடுதலாக வரும், 100 ஹெக்டேர் ஏரி 105 என்று காட்டும். ஏரிப் பரப்பு சர்ச்சையாக உள்ள ஊரில் அந்த ஐந்து ஹெக்டேர் சண்டைக்குப் போதும். பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் டாலர் ஏரியா எக்ஸ்பிரஷனைப் பயன்படுத்துங்கள், ப்ராஜெக்டில் எலிப்சாய்ட் (பூமியின் வடிவக் கணக்கு) அமைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதைவிட முக்கியம், வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் உள்ள பரப்பை அட்டவணையில் தனி நெடுவரிசையாக வைத்து அதையே லேபிளில் காட்டுவது. கணினி கணக்கிட்டதும் வர வேண்டும் என்றால் இரண்டையும் போட்டு எது எது என்று எழுதுங்கள்.

தெற்கு, மேற்கு மாவட்ட நண்பர்களுக்கு ஒரு வரி: பூமியை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் வீழல் முறையின் 43, 44 மண்டலங்களைப் பிரிக்கும் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் நடுவில் ஓடுகிறது. மதுரை 44இல், கோயம்புத்தூர் 43இல். இரண்டு பக்கமும் வேலை செய்பவர்கள் ப்ராஜெக்டின் வீழலைக் கவனித்து வையுங்கள்.

பிப்ரவரி 24

"ஏரியின் எல்லை எது" தீம் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். எனக்கும் மனசில் கனமாக இருப்பது அதுதான்.

நம்மிடம் மூன்று கோடுகள் இருக்கின்றன. புல வரைபடங்களை (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள அளவைப் படம்) ஒட்டவைத்து எடுத்த சர்வே எல்லை, மழைக்காலப் படத்தில் நீர் நின்ற இடம், ஊர்க்காரர்களோடு கரையில் நடந்து ஜிபிஎஸ்ஸில் எடுத்தது. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. புல வரைபடம் ஒட்டும்போதே சில மீட்டர் நகர்ந்து உட்காரும். நீர் நின்ற இடம் அந்த ஆண்டு மழையைப் பொறுத்தது. கைபேசி ஜிபிஎஸ் மரத்தடியில் அலையும்.

கணினித் திரையில் எல்லாக் கோடும் ஒரே கூர்மையோடு தெரியும். 1:500 வரைக்கும் ஜூம் செய்தாலும் கோடு மயிரிழையாகவே நிற்கும். அந்தக் கூர்மையைப் பார்த்து "கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு மீட்டர், ஆகவே என் வீடு தப்பு" என்று ஒருவர் நிம்மதி அடைவார், இன்னொருவர் பயப்படுவார். இரண்டுக்கும் நம் தரவில் ஆதாரம் இல்லை. இங்கே நாம் போடும் சிம்பல் ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுக்கும், இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

நான் அமைப்பது இப்படி. சர்வே எல்லை முழுக் கோடு, கறுப்பு, ஏனென்றால் சட்டப்படி நிற்பது ஆவணம். ஆனால் 1:2,000ஐத் தாண்டி நெருங்கினால் மெல்லிய கோடு மறைந்து, தரவின் பிழை எல்லையளவு அகலமுள்ள ஒளிபுகும் பட்டையாக மாற வேண்டும். கோட்டின் அகலத்தை மில்லிமீட்டருக்குப் பதிலாக நிலத்து மீட்டரில் கொடுத்தால், நெருங்க நெருங்கப் பட்டை தானாக அகலமாகும். நீர் நின்ற இடம் நீலப் புள்ளிக்கோடு, பக்கத்தில் ஆண்டு. நடந்து எடுத்தது இடைவிட்ட கோடு, "சரிபார்க்கப்படவில்லை" என்ற குறிப்போடு. குறிவிளக்கத்தில் மூன்றும் எங்கிருந்து வந்தன என்று முழு வாக்கியமாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 25

"பட்டை என்றால் ஆக்கிரமிப்பாளருக்குச் சாதகமாகிவிடாதா?" ஆகாது. பட்டையின் ஓரத்தில் நிற்கும் கட்டிடத்துக்கு நில அளவையர் வந்து அளந்துதான் தீர்ப்பு. ஏரியின் நடுவில் நிற்கும் கட்டிடம் பட்டை போட்டாலும் நடுவில்தான் நிற்கும்.

பிப்ரவரி 27

பிடிஎஃப் எடுத்தால் தமிழ் எழுத்து உடைகிறது என்றவருக்கு: லேஅவுட்டில் (அச்சுப் பக்கம் அமைக்கும் இடம்) ஏற்றுமதி செய்யும்போது எழுத்துகளை எப்படி அனுப்புவது என்று ஒரு தேர்வு வரும். வடிவக் கோடுகளாக அனுப்பு என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிடிஎஃப்பைத் திறக்கும் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் கொளவாய் கொளவாயாகவே வரும். பிடிஎஃப்புக்குள் பெயரைத் தேட முடியாது, அது ஒன்றுதான் இழப்பு. தேட வேண்டியவர்களுக்கு ஏரிப் பெயர்ப் பட்டியலைத் தனிப் பக்கமாகச் சேர்த்துக் கொடுங்கள்.